மணிலாப் பயிரில் களையும் கம்பளிப்புழுவும்

(வானொலி உரை)



நம்ம உத்திரமேரூர் பக்கத்தில் ஏரித் தண்ணீர் பாயும் இடத்தில் நெல், மேட்டு நிலத்தில் மானாவாரி மணிலா. ஆனி, ஆடியில் நல்ல மழை ஒன்று பெய்ததும் விதைக்கக் கிளம்புகிறோம். அதே மழைக்குத்தான் சிவப்புக் கம்பளிப்புழுவும் மண்ணுக்குள்ளே காத்திருக்கிறது.

இந்தப் புழு வரப்போரத்திலும் மர நிழலிலும் கூட்டுப்புழுவாகப் பத்து மாதம் போல மண்ணுக்குள் கிடக்கும். கனமழை பெய்து மண் நனைந்ததும் தாய்ப்பூச்சியாகப் பொழுது சாயும் நேரத்தில் வெளியே வரும். வெள்ளையில் பழுப்புக் கோடு போட்ட இறக்கை, முன் ஓரத்தில் மஞ்சள் பட்டை. இதை வைத்து அடையாளம் தெரிந்துகொள்ளலாம். ஒரு பூச்சி 800 முதல் 1,000 முட்டை வரை இலைக்கு அடியில் குவியலாக இடும். இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். புழு வளர்ந்துவிட்டால் ஒரு கொல்லையை மொட்டையடித்துவிட்டுப் பக்கத்துக் கொல்லைக்குக் கூட்டமாகப் போகும்.

அதனால் இதில் ஒருத்தர் மட்டும் பாடுபட்டுப் பயன் இல்லை. ஊரே சேர்ந்து செய்யணும். என்ன செய்யணும்?

கோடை மழையில் ஆழமாக உழுதுவிடுங்கள். வெளியே வந்து விழும் கூட்டுப்புழுக்களைக் காக்கை, மைனா பொறுக்கித் தின்னும், வெயிலிலும் சாகும்.

விதைப்பு மழை பெய்த அன்று முதல் இரவு 7 மணியிலிருந்து 11 மணி வரை விளக்குப் பொறி வையுங்கள். விளக்குக்கு அடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டால் போதும். வரும் பூச்சி அதில் விழுந்து சாகும். இதை எல்லாக் கொல்லையிலும் ஒரே இரவில் செய்யணும்.

மணிலாவுக்கு இடையில் தட்டைப்பயறு ஊன்றுங்கள். பூச்சி அதைத் தேடிப்போய் முட்டையிடும். முட்டை உள்ள இலையையும், இளம்புழு சுரண்டிச் சல்லடையாக்கிய இலையையும் கிள்ளி அழித்துவிடலாம். புழு நடமாட ஆரம்பித்துவிட்டால், கொல்லையைச் சுற்றி ஓர் அடி ஆழம், முக்கால் அடி அகலத்தில் செங்குத்தாகப் பள்ளம் வெட்டுங்கள். அதில் விழும் புழுக்களைக் கொன்று மண்ணைத் தள்ளி மூடுங்கள்.

அடுத்து களை. விதைத்த 45 நாள் வரை மணிலாக் கொல்லை சுத்தமாக இருக்கணும். கோரையும் சாரணையும் மண்டினால், போட்ட உரமும் ஈரமும் அவற்றுக்கே போய்விடும். 20-ம் நாள் ஒரு களை, 40-ம் நாள் ஒரு களை. இரண்டாம் களையின்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்துவிடுங்கள். 45 நாளுக்குப் பிறகு களைக்கொத்து போடவே கூடாது. பூவிலிருந்து விழுது இறங்கும் நேரம் அது. மண்ணைக் கிளறினால் காய் பிடிக்காது.

ஆள் கிடைக்காதவர்கள், விதைத்த மூன்று நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, பெண்டிமெத்தலின் 30 சதம் மருந்தை ஏக்கருக்கு ஒரு லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். அதற்கும் பிறகு ஒரு கைக்களை தேவைப்படும்.

களை எடுக்கும் பெண்கள் கண்ணில்தான் முட்டைக் குவியல் முதலில் படும். அது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் காட்டி வையுங்கள்.

மழை இல்லாமல் காய்ந்தால் சுருள்பூச்சி வரும்; இலை மடிந்து, தூரத்திலிருந்து பார்த்தால் கொல்லை தீய்ந்த மாதிரி தெரியும். கம்பு ஊடுபயிர் இதைக் குறைக்கும். புரொடீனியா புழுவுக்கு வரப்போரம் ஆமணக்கு போட்டால், முட்டையை அதிலேயே பொறுக்கிவிடலாம்.

பழைய ஞாபகத்தில் பி.எச்.சி. தூள் கேட்காதீர்கள். அது 1997-ல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானும் 2011-ல் நின்றுபோனது. மருந்து வேண்டுமானால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்குங்கள். அடிக்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே குடவோலை போட்டு ஆள் தேர்ந்து, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று வைத்து நடத்திய ஊர் உத்திரமேரூர். கல்வெட்டு இன்றைக்கும் இருக்கிறது. ஏரியைப் பொதுவாகக் காத்த ஊர், மழை பெய்த இரவில் நாலு விளக்கைச் சேர்ந்து வைக்க முடியாதா? இந்த வாரமே கூடிப் பேசி, எந்தக் கொல்லையில் யார் விளக்கு வைப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.