தாயின் பெயர் நின்ற ஏடு

டெக்சாசுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே ரியோ கிராண்டே ஆறு ஓடுகிறது. 1755ஆம் ஆண்டில் ஸ்பானியக் குடியினர் அதன் வடகரையில் லாரெடோ என்னும் ஊரை நிறுவினர். அந்நாளில் ஆறு எல்லையன்று. இரு கரைக்கும் பொதுவான நீர்த்துறை. 1767இல் குடும்பந்தோறும் ஆற்றைத் தொட்டு நீளும் நிலம் பகுத்தளிக்கப்பெற்றது.

1848இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கை அவ்வாற்றையே இரு நாடுகளின் எல்லையாக்கிற்று. இருந்த இடத்தில் இருந்தவரே அயல்நாட்டினர் ஆயினர். மெக்சிகோவின் குடிகளாகவே வாழ விரும்பியோர் தென்கரை சேர்ந்து நுவெவோ லாரெடோவை அமைத்தனர். முன்னோரின் எலும்புகளையும் அகழ்ந்து உடன்கொண்டு சென்றனர் என்பது அவ்வூர் வழங்கும் மரபுரை.

இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் வேர் தேடி நாடுவது தேவாலயத் திருமுழுக்கு ஏடுகளை. குழந்தையின் பெயரோடு பெற்றோர், ஞானப்பெற்றோர், பலவிடத்துத் தாத்தா பாட்டியர் பெயர்களும் அவற்றில் உள.

ஸ்பானிய மரபில் ஒருவர் தந்தையின் குடிப்பெயரையும் தாயின் குடிப்பெயரையும் சேர்த்தே தாங்குவார். மணமான பெண்ணும் பிறந்தகத்துப் பெயரை இழப்பதில்லை. ஆங்கில வழக்கிலமைந்த ஆவணங்களோ ஒரே குடிப்பெயரைப் போற்றின. ஆகவே, வடகரையில் பல குடும்பங்களின் தாய்வழி, தாள்களிலிருந்து மறைந்தது. தேடுவோர் தடுமாறி நிற்பதும் அவ்விடத்தேதான்.

பழைய ஏட்டைப் புரட்டும் பேத்தி, பாட்டியின் பிறந்தகத்துப் பெயரைக் காண்கிறாள். அப்பெயரைப் பற்றிச் சென்றால் எதிர்க்கரையில் உறவினர் வீடு இருக்கிறது. நிலத்தை இழந்த குடும்பங்கள் பல. நிலம் மீளாதுபோயினும் உறவு மீள்கிறது.

சொல்லை நம்பி வாழும் கவிஞர்களே! ஒரு தாயின் பெயரை விடாது எழுதிவைத்த கை, எல்லை வகுத்த கையினும் வலியது.