பால்மரத்தை உருளையாக வரைவோம்



ஆயர் தாவார் வட்டாரத்தில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. ஆனாலும் பால்மரம் சீவிய கைகள் இன்னும் நம் வீடுகளில் உள்ளன. பிள்ளைகள் படம் வரையக் கேட்டால், "எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?" என்று சொல்லிவிடுகிறோம். அது சரிதானா?

பிள்ளை மரம் வரைகிறது. இரண்டு நேர்கோடுகள், நடுவில் சாய்வாக ஒரு வெட்டுக்கோடு. மரம் பலகைபோல் தட்டையாக நிற்கிறது. உண்மையான மரமோ உருளை. வெட்டு அதன் பாதிச் சுற்றளவுக்கு, இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் ஓடுகிறது. எதிரே நின்று பார்த்தால் அக்கோடு இடது ஓரத்தில் மேல்நோக்கியும், வலது ஓரத்தில் கீழ்நோக்கியும் வளைந்து மறையும். அப்படியே வளைத்துப் போட்டால் மரம் திரண்டு நிற்கும்.

பால் மங்கு அரைப்பந்து. அதன் வாய் நேர் மேலிருந்து பார்த்தால் வட்டம். சற்றுத் தள்ளிப் பார்த்தால் நீள்வட்டம். கண்மட்டத்தில் வெறும் கோடு. வெளிச்சம் படாத பக்கத்தைப் பென்சிலால் தேய்த்துக் கருமையாக்கினால் திரட்சி தெரியும்.

இயற்கையை உருளை, உருண்டை, கூம்பு என்னும் வடிவங்களாகக் கையாளும்படி, பிரெஞ்சு ஓவியர் செசான் 1904-இல் தம் ஓவிய நண்பர் ஒருவருக்கு எழுதினார். அந்த உருளையைச் சுற்றித்தான் நம்மவர்கள் நாள்தோறும் கத்தி ஓட்டினார்கள்.

ஆகவே, இன்று மாலை பிள்ளை பென்சில் பிடிக்கட்டும். வெட்டு எப்படிச் சுற்றிப் போகும் என்று பாட்டி விரலால் காட்டட்டும். இருவருமே ஆசிரியர்கள், இருவருமே மாணவர்கள்.