பெயர் யாருக்குச் சொந்தம்?

(மல்லேஸ்வரம் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பின்வரிசையில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் இந்த விஷயம் சேர்த்திதான்.

சில மாதங்களுக்கு முன் நம் சங்கத்தின் பெயரையும் சின்னத்தையும் போட்டு ஒரு சமூக வலைத்தளத்தில் யாரோ பக்கம் ஆரம்பித்து, சமஷ்டி உபநயனத்துக்கு என்று வசூலும் கேட்டார். வெளியூர் அங்கத்தினர் ஒருவர் ஐயாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டு நம்மிடம் ரசீது கேட்டபோதுதான் நமக்கே தெரிந்தது. புகார் செய்தோம். டிரேட்மார்க் பதிவு எண் என்ன என்று கேட்டார்கள். நாம் அனுப்பியது சங்கப் பதிவுச் சான்றிதழ். அது வேறு, இது வேறு. ஐயாயிரம் போனதுகூடப் பெரிதில்லை. அந்த அங்கத்தினருக்கு நம்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"அப்படியானால் ஐயர், ஐயங்கார் என்ற பெயர்களையே பதிந்துவிடலாமே" என்றார் ஒரு நண்பர். நடக்காது. பொருளையோ சேவையையோ வெறுமனே வர்ணிக்கும் சொல்லை 1999-ஆம் வருஷத்து டிரேட்மார்க் சட்டத்தின் 9-வது பிரிவு லேசில் பதிய விடாது.

சென்னை ஹைகோர்ட்டில் இது அலசப்பட்டிருக்கிறது. பாரத் மேட்ரிமோனி நடத்தும் கம்பெனிக்கு அப்போது கன்சிம் இன்ஃபோ என்று பெயர். நம் வீட்டு ஜாதகங்கள் போகும் ஐயர் மேட்ரிமோனி, ஐயங்கார் மேட்ரிமோனி எல்லாம் இவர்களுடையவைதான். பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி போன்ற தங்கள் பெயர்களைக் கூகுளில் தேடினால் போட்டிக் கம்பெனிகளின் விளம்பரம் வருகிறது என்று வழக்குப் போட்டார்கள். பின்னாளில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன நீதிபதி வி. ராமசுப்ரமணியன், 30.9.2010 அன்று இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார். தொழிலை வர்ணிக்கும் சாதாரணச் சொற்களைப் போட்டியாளரும் நேர்மையாகப் பயன்படுத்தலாம் என்பதே சாரம். 2015-இல் ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்டவரையும் சுப்ரீம் கோர்ட் திருப்பி அனுப்பியது. சரிதானே? ராமாயணம் யார் வீட்டுச் சொத்து!

அதற்காக விளம்பரம் விற்கிறவர் கையைக் கழுவிவிடவும் முடியாது. பிறர் டிரேட்மார்க்கைத் தேடுசொல்லாக விற்கும்போது கூகுள் வெறும் வேடிக்கை பார்ப்பவர் அல்ல என்று டில்லி ஹைகோர்ட் 2023 ஆகஸ்டில் சொன்னது.

ஜாதிப் பெயர் பொது. ஆனால் நம் சங்கத்தின் முழுப்பெயரும் சின்னமும் சேர்ந்தது நம்முடையது. இதற்கென்றே அந்தச் சட்டத்தில் கூட்டுக்குறி என்று ஓர் ஏற்பாடு உண்டு. யார் உபயோகிக்கலாம் என்ற விதிகளையும் கூடவே கொடுக்கவேண்டும். பெங்களூர்க்காரர்களுக்குச் சென்னை கிண்டி அலுவலகம். விளம்பரமானபின் நாலு மாதம் ஆட்சேபத்துக்கு அவகாசம். பதிவு பத்து வருஷம், பிறகு புதுப்பிக்கலாம்.

பதியாவிட்டாலும் வழக்கத்தால் உரிமை வரும். பலகையில் ஸ்ரீ சாகர் என்றிருந்தாலும் நாமெல்லோரும் சி.டி.ஆர். என்றுதானே சொல்கிறோம்! ஆனால் கோர்ட்டில் நிரூபிக்கவேண்டும்.

இன்னொன்று. நம் சொந்தப் பக்கத்தின் பாஸ்வேர்ட், அதை ஆரம்பித்த பையனோடு அமெரிக்கா போய்விட்டது. இதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம், ஒரு போன் போதும். இனிமேல் காரியதரிசி, பொருளாளர் இருவரிடமும் இருக்கும்படி இன்றே தீர்மானம் போடலாம்.

விண்ணப்பத்தோடு பழைய உபயோகத்துக்கு அத்தாட்சி வேண்டும். சின்னம் அச்சான பழைய இதழ்கள், அழைப்பிதழ்கள், ரசீதுகள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் காரியதரிசியிடம் சேர்ப்பியுங்கள். சின்னத்தை முதலில் வரைந்து கொடுத்தவர் யார் என்று நினைவிருக்கிறவர்கள், காபிக்கு எழுந்திருக்கும்போது என்னிடம் சொல்லுங்கள்.