எரிகிற வீட்டுக்கு என்ன விலை?

(திருப்பருத்திக்குன்றம் தெருக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஊர் திரைலோக்கியநாதர் கோயிலில் ஒரு சங்கீத மண்டபம் இருக்கிறது. 1387இல் விஜயநகர அமைச்சன் இருகப்பன் கட்டியது. அறுநூறு வருஷம் தாண்டியும் நிக்குது. அதே வேகவதிக் கரையில் நம்ம பாட்டன் போட்ட கூரை எத்தனை தடவை எரிஞ்சது, எத்தனை தடவை தண்ணியில போச்சு? அதுக்குக் கல்வெட்டும் கிடையாது, கணக்கும் கிடையாது. அந்தக் கணக்கைப் பத்தித்தான் பேச வந்தேன்.

நம்ம வீட்டுக்கு விலை போடுறவன் யாரு? 1988இல் மத்திய அரசு கிராமத்து ஏழைகளுக்குக் குடிசைக் காப்பீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. குடிசை எரிந்தால் ஆயிரம் ரூபாய், சாமானுக்கு ஐநூறு. 2023 டிசம்பர் புயலுக்குப் பிறகு தமிழக அரசு சேதமான குடிசைக்கான நிவாரணத்தை 5,000இலிருந்து 8,000 ஆக்கியது. எட்டாயிரத்துல ஒரு கதவும் நிலையும் வருமா? நிவாரணம் என்பது அடுத்தவன் போடுகிற விலை. காப்பீடு என்பது நாம் எழுதி, பிரீமியம் கட்டி, உரிமையாகக் கேட்கிற விலை. இந்த வித்தியாசம் புரியணும்.

‘இதெல்லாம் மாடிவீட்டுக்காரன் சமாச்சாரம்’னு சொல்றீங்க. இன்னிக்கு நம்ம சனங்களும் கான்கிரீட் வீட்டுல இருக்காங்க. 2024இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அரசு கொடுப்பது 3.5 லட்சம். அதுக்கு மேல ஆன செலவு வட்டிக்கு வாங்கின காசு. வீடு போனாலும் வட்டி போகாது.

1.4.2021 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் விற்கவேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், வேண்டுமென்றே செய்யும் நாசம் எல்லாம் அதில் அடக்கம்.

தொகையை எப்படி எழுதுவது? மனை விலையைச் சேர்க்காதீர்கள். மண் எரியாது. திரும்பக் கட்ட ஆகும் செலவை எழுதுங்கள். உள்ளளவு 400 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகும் என்றால் 8 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 1,60,000, வீட்டுச் சாமானுக்குத் தானாகச் சேரும். இதற்கு உச்ச வரம்பு 10 லட்சம். நகைக்குத் தனியாக எழுதிக் கேட்கணும். வாடகை வீட்டில் இருப்பவர் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம்.

சுவரோ கூரையோ ஓலை, மூங்கில், பலகை, தார்ப்பாய் என்றால் கம்பெனிக்காரன் அதைக் ‘கச்சா’ என்பான். அதை மறைக்காதீங்க. மறைத்தால் அதையே காரணம் காட்டிப் பணத்தை மறுப்பான். இந்த வீட்டுக்குத் தருவாயா, என்ன பிரீமியம் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வங்கிக் கடனில் கட்டியவர்கள் இன்னொன்றும் பாருங்கள்: வங்கி எடுத்த பாலிசி உங்கள் வீட்டுக்கா, அதன் கடனுக்கா?

அடுத்தது தறி. வெள்ளம் வந்தா முதல்ல நிரம்புறது தறிக்குழி. ஆனால் வீட்டுப் பாலிசி குடியிருப்புக்கானது. தறி, பட்டு, ஜரிகை தொழில் சரக்கு. சிறுதொழிலுக்கு அதே 2021இல் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ தனி. கூலிக்கு நெய்யும்போது பாவும் ஜரிகையும் முதலாளியோடதா, சங்கத்தோடதா? நனைஞ்சா யார் தலையில விழும்? பாவு ஏத்துறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

இப்போ நம்ம வயித்தெரிச்சலுக்கு வர்றேன். 2012 நவம்பர் 7, தர்மபுரி மாவட்டம். நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணாநகர். வெளியூர் போய் உழைத்துக் கட்டிய இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். பீரோ, வண்டி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் சாம்பல். கலவரத்தில் வீடு எரிந்தால் பாலிசி பேசும். அதைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கும் பேசும். ஆனால் அரசு உத்தரவு போட்டு இடித்தாலோ பறிமுதல் செய்தாலோ பேசாது. புறம்போக்கில் இருக்கிற நாம் இதை மறக்கக்கூடாது. பட்டாவுக்கான போராட்டத்தைப் பாலிசி முடித்துவைக்காது.

இன்னொன்று. ‘நீ இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும்’ என்று சொல்லி அரசு கைகழுவ விடாதீர்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தலித் குடியிருப்புக்குத் தீ வைத்தால் ஆயுள் தண்டனை வரை உண்டு. 1995 விதிகளின்படி எரிக்கப்பட்ட வீட்டுக்குப் பதிலாக அரசு தன் செலவில் செங்கல் வீடோ கல் வீடோ கட்டித் தரணும். இது கருணை இல்லை, சட்டம். பாலிசிப் பணம் வந்தாலும் இந்த உரிமை சாகாது. அதனால் முதல் தகவல் அறிக்கையில் என்ன எழுதுறான்னு பாருங்க. கொளுத்தினதை ‘மின்கசிவு’ன்னு எழுதினா கையெழுத்துப் போடாதீங்க.

சேதம் ஆனால் கம்பெனிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். அள்ளிக்கொட்டுவதற்கு முன் போட்டோ எடுங்கள். பட்டா, பாலிசி, சான்றிதழ் நகல்களை வேற ஊர்ல சொந்தக்காரங்க வீட்டில் ஒரு கட்டு வையுங்கள். கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் சொல்லாமல் இருந்தாலோ, சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 50 லட்சம் வரையிலான வழக்கை எடுப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் போகணும்.

இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரு டேப்பை எடுத்து அளங்க. உள்ளே என்னென்ன இருக்குன்னு பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. பாலிசி எடுக்கிறதும் எடுக்காததும் அப்புறம். நம்ம வீட்டுக்கு நாமே எழுதுற முதல் விலைப்பட்டியல் அதுதான்.