சாய்ந்த புல்லட்

ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. நேராக நிற்கும்வரை ஒற்றைக் கையாலேயே பிடித்துக்கொள்ளலாம், பாரமே தெரியாது. ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பயில்வானாலும் தாங்க முடியாது.

ஹேண்டிலைத் திருப்பியபடி தள்ளும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் போதும், ஆள் காலி. வெயிலில் இளகிய தாரில் சைடு ஸ்டாண்டு இறங்கினாலும் அதே கதிதான்.

கை மீறிச் சாய்கிறதா, விட்டுவிட்டு விலகுங்கள். கீறலை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். சூடான சைலன்சருக்கு அடியில் சிக்கிய காலுக்கு அவரிடம் மருந்து கிடையாது.

தூக்குவதற்கும் ஒரு வழி இருக்கிறது. எஞ்சினை அணையுங்கள். முடிந்தால் கியரில் போடுங்கள், உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய் விழும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை ஒட்டிக் குந்தி, ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் பின்பக்கக் கம்பி. முதுகை வளைக்காமல் காலை ஊன்றி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தால் வண்டி எழும். யாராவது நின்று சிரித்தால் அவரையே ஒரு கை கொடுக்கக் கூப்பிடுங்கள்.

கிளப்புவதற்கு முன் பெட்ரோல் ஒழுகுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.