வாயில் நிற்கும் வாசகம்

டிக்கன்ஸ் நாவலைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்கும், கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்ட ஆலிவரைத் தெரியும். நாவலாசிரியருக்கு அந்த வசதி உண்டு. ஒரு வாக்கியம் தோன்றினால் அதைச் சொல்ல ஒரு வாயும், அந்த வாய்க்கு ஒரு பசியும் அவரிடம் இருக்கும். ஆலிவரின் வயிறு காயாமல் இருந்தால் அந்தப் பேச்சை யார் நினைவில் வைப்பார்கள்?

அதே விக்டோரியா காலத்தில், 1864இல், லெஸ்டர் நகரில் பிறந்த ஜேம்ஸ் ஆலனுக்கு அந்த வசதி இல்லை. அவர் எழுதியவை சிறு சிறு நீதி நூல்கள். அவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர், 1872இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை.

ஆலன் 1903இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பு, விவிலியத்தின் நீதிமொழிகளில் வரும் ஒரு வசனத்தை ஒட்டியது, அதுவும் பாதிதான். விவிலியம் படித்து வளர்ந்த ஆங்கிலேயருக்கு மீதிப் பாதி தானே நாக்கில் வந்துவிடும். நமக்கு வராது. சொல்லுக்குச் சொல் வைத்திருந்தால் பேச்சு நடுவழியில் நின்றிருக்கும். பிள்ளையவர்கள் 'மனம்போல வாழ்வு' என்றார். மனம்போல மாங்கல்யம் என்று வீட்டுப் பெரியவர்கள் வாழ்த்துவார்களே, அந்தப் பழைய தடத்தில் வண்டியை இறக்கிவிட்டார். அப்புறம் அது தானாக ஓடியது.

ஆலனின் இன்னொரு நூலுக்கு அவர் வைத்த 'அகமே புறம்' என்ற தலைப்பு இன்னும் அழகு. இலக்கணத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு சொற்களை ஓர் ஏகாரம் ஒன்றாக்கிவிடுகிறது. பின்னாளில் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தவருக்கு இது கைவந்ததில் வியப்பில்லை. மற்றொரு நூலின் தலைப்பான 'வலிமைக்கு மார்க்கம்' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. வழிகாட்டிப் பலகை வாசிப்பதுபோல இருக்கிறது.

ஆலனோடு எனக்கு ஒரு வழக்கும் உண்டு. உன் நிலைமைக்கு உன் நினைப்புத்தான் காரணம் என்பது அவர் கட்சி. வயிறு நிறைந்தவன் இல்லாதவனிடம் இதைச் சொன்னால் எரிச்சல்தான் வரும். ஆனால் தமிழில் இதைச் சொன்னவர் யாரென்று பாருங்கள். 1906இல் வெள்ளைக்காரக் கப்பலுக்குப் போட்டியாகத் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். 1908இல் கைதாகி, கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்தவர். ஆலனை அவர் பெயர்க்கத் தொடங்கியது அந்தச் சிறைவாசத்தில்தான். நிலைமைக்குப் பணிந்து போ என்றா அவர் அதைப் படித்திருப்பார்? உடம்பைக் கட்டலாம், மனத்தைக் கட்ட முடியாது என்றே படித்திருக்க வேண்டும். ஆலனின் வாக்கியங்களுக்கு வாய்க்காத கதாபாத்திரம் செக்கடியில் வாய்த்தது.

ஆலனுக்கு இது தெரிந்திருக்குமா? அவர் 1912 ஜனவரியில் காலமானார். அந்த ஆண்டு டிசம்பரில்தான் பிள்ளையவர்கள் சிறையிலிருந்து வெளியே வந்தார்.