நீரின் உஷ்ணமும் எங்கள் திருக்கையும்

 

இலக்கியப் பேச்சுகளுக்கு நடுவே ஒரு மீனைப் பற்றிப் பேச எங்கள் குடும்பத்துக்கு இடம் அளித்த செயற்குழுவினருக்கு நன்றி. கடற்கரை ஊர்களிலிருந்து இந்த நாகபுரிக்கு வந்து சேர்ந்தவர்கள் திருக்கையைக் குழம்பாகவே அறிவர். நாங்கள் வளர்த்தது கடல் திருக்கை அன்று. தென் அமெரிக்காவில் அமேசான், ஒரினோகோ, பரானா முதலிய ஆறுகளில் வாழும் மோட்டோரோ என்னும் நன்னீர்த் திருக்கை. அதன் முன்னோர் கடலினின்று ஆற்றுக்கு வந்து எத்தனையோ யுகங்கள் ஆகிவிட்டமையால், இப்பொழுது அதனைக் கடல் நீரில் விட்டால் பிழைக்காது. வால் முள்ளில் நஞ்சு உண்டு. ஆகையால் தொட்டிக்குள் கையிட ஒருவரையும் நாங்கள் அனுமதித்ததில்லை. வட்ட உடல், பழுப்பு நிறம், அதன்மேல் கண்களைப் போன்ற செம்மஞ்சள் புள்ளிகள். குழந்தைகள் அதற்குத் 'தோசை' என்று பெயரிட்டனர்.

நமது காலனியின் தட்பவெப்பத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 45 டிகிரியைத் தாண்டும். மார்கழி இரவுகளில் சில சமயம் 10-க்கும் கீழே இறங்கும். திருக்கைக்கோ 25 முதல் 28 வரை இருத்தல் நலம். மனிதனைப் போல அது தன் உடலின் சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. நீரின் சூடே அதன் சூடு. உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் அதற்குத் தேவையான பிராண வாயு ஏறத்தாழ இரு மடங்காகிறது. நீரோ அதற்கு எதிராக நடக்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராண வாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். தேவை கூடும் வேளையில் வரவு குறைகிறது. மாதக் கடைசிக் குடும்பக் கணக்கைப் போன்றது இது!

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் காலை 11 மணிக்கு டிரான்ஸ்பார்மர் எரிந்து மின்சாரம் நின்றது. மின்விசிறி, காற்றுப் பம்பு, நீர் வடிகட்டி மூன்றும் ஓய்ந்தன. அப்பொழுது நீர் 29 டிகிரி. மாலை 5 மணிக்கு 31. கடைத்தெருவிலிருந்து ஆறு கிலோ ஐஸ் வாங்கி, பாலிதீன் பைகளில் கட்டி மிதக்கவிட்டோம். ஒரு டிகிரி இறங்கியது. மூன்று மணி நேரத்தில் அறையின் வெம்மை அதனைத் திரும்ப ஏற்றிவிட்டது. வீட்டில் உள்ளோரும் அண்டை வீட்டு மராத்திய அம்மையாரும் முறை வைத்துக்கொண்டு, குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். கண்களுக்குப் பின்னுள்ள மூச்சுத் துளைகள் இடைவிடாமல் துடித்தன. பிறகு உடலின் ஓரங்கள் அப்பளம் போல மேல்நோக்கிச் சுருண்டன. எட்டு மணிக்குத் தோசை அடங்கிவிட்டது. மின்சாரம் வந்தபோது மணி பத்து.

31 டிகிரி மட்டுமே அதனைக் கொன்றது என்று கூறமாட்டோம். வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் மீனின் கழிவிலுள்ள அமோனியா நஞ்சை மாற்றுகின்றன. அவற்றுக்கும் ஓடும் நீரும் காற்றும் வேண்டும். உஷ்ணம் நெருக்க, மற்றவை கைவிட்டன.

எங்கள் தொட்டியில் 600 லிட்டர் நீர். அதனை ஒரு டிகிரி குளிர்விக்க ஐந்தரைக் கிலோ ஐஸ் தேவை. ஆனால் அதே நீரிலிருந்து ஒரே ஒரு லிட்டர் ஆவியாகப் போனால், ஏறத்தாழ அதே ஒரு டிகிரி குறைந்துவிடும்! மண்பானையின் இரகசியம் இதுவே. ஆகவே கோடையில் மீன் வளர்ப்போர் ஐஸுக்கு அலைவதைவிட, நீரின் மேற்பரப்பில் காற்று வீசும்படி ஒரு சிறு விசிறியை வைத்து, அதனையும் காற்றுப் பம்பையும் இன்வெர்ட்டரில் இணைத்தல் மேல். ஆவியான நீரை அன்றன்று நிரப்ப வேண்டும். பகலில் கனத்த ஜமக்காளத்தால் ஜன்னலை மறைப்பதும் உதவும்.

குளிர்காலத்துக்கு ஹீட்டர் வேண்டும். ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதிலாக இரண்டு சிறியவை நன்று. ஒன்று பழுதாகி அணைந்தால் மற்றது தாங்கும். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் நீர் கொதித்துப்போகாது. ஒரே சாதனத்தை நம்பி இரயிலை ஓட்டுவதில்லை என்பதை நம்மவர் அறிவீர்கள். திருக்கை ஹீட்டரின்மேல் படுத்துச் சுட்டுக்கொள்ளும் ஆதலால் அதற்குக் கூண்டு அவசியம். காலையும் மாலையும் உஷ்ணமானியைப் பார்த்து நோட்டில் குறித்தல் எங்கள் வீட்டில் இன்றும் நடக்கிறது.

வேறொரு திருக்கை வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை. இப்பொழுது அத்தொட்டியில் நம் நாட்டுப் பனையேறிக் கெண்டைகள் நான்கு இருக்கின்றன. தரங்கம்பாடியில் இம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக டால்டார்ஃப் என்னும் டேனிஷ்காரர் எழுதியது 1797-இல் அச்சேறியது. ஏறியதோ இல்லையோ, நீரில் பிராண வாயு குறைந்தால் மேலே வந்து காற்றையே விழுங்கிக்கொள்ளும் என்பது மெய். குழந்தைகள் ஞாயிறு மாலைகளில் வந்து பார்க்கலாம். மூடியை மட்டும் திறக்க வேண்டாம், குதித்து வெளியே நடந்துவிடும்.